பேட்டரியைக் குடிச்சது யாரு?

எங்க வீட்ல அஞ்சு பேர். அதுல லைட்டை ஆஃப் பண்ணத் தெரிஞ்சது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் (நம்புங்க!). அப்பா கீசரைப் போடுவார், போட்டதை மறந்துட்டு பச்சத் தண்ணில குளிச்சுட்டு வருவார். அண்ணன் ஃப்ரிட்ஜ்ல இருக்கிற பாட்டில்ல கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டு, காலி பாட்டிலைப் பத்திரமா உள்ளயே வைப்பான். தாத்தா பேப்பரைப் பிரிச்சா அதை மறுபடி ஒழுங்கா மடிக்கிறது மனுஷனால ஆகாத காரியம். உங்க வீட்லயும் இப்படி ஒரு லிஸ்ட் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மதுரை வெயில் மண்டையப் பொளந்த போன ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல எங்க கார் மூணு தடவை செல்ஃப் எடுக்கல. மூணுமே சனிக்கிழமை காலைல. சாவியைத் திருப்பினா 'டிக் டிக் டிக்'னு ஒரு சத்தம், டேஷ்போர்டு லைட்டெல்லாம் மங்கும், அவ்வளவுதான். மூணாவது தடவை ஆனது, கண் ஆபரேஷன் முடிஞ்ச அம்மாவை டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய நாள். எதிர் வீட்டு அண்ணன், இஸ்திரிக் கடைக்காரர் எல்லாரும் சேர்ந்து தள்ளி, அப்பா செகண்ட் கியர்ல கிளட்சை விட்டு ஸ்டார்ட் பண்றதுக்குள்ள அரை மணி நேரம் போச்சு. கண்ல கருப்புக் கண்ணாடியோட அம்மா வாசப்படியிலயே உட்கார்ந்திருந்தாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் பஞ்சாயத்து. குற்றவாளியா நிறுத்தப்பட்டவர் தாத்தா.

காரணம் இருக்கு. தாத்தாவுக்கு 78 வயசு, காது கொஞ்சம் மந்தம். வீட்ல ரேடியோவைச் சத்தமா வச்சா ஆளாளுக்குக் கத்துவோம். அதனால தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு கார் சாவியை எடுத்துட்டுப் போய், முன் சீட்ல சாஞ்சு உட்கார்ந்து, எஞ்சினை ஓட விடாம செட்டை மட்டும் போட்டு, முக்கால் மணி நேரம் பாட்டு கேட்பார். அந்த வீட்ல அவர் இஷ்டத்துக்குச் சத்தம் வச்சுக்க முடிஞ்ச ஒரே இடம் அதுதான்.

"தினம் உட்கார்ந்து பாட்டு கேட்டா பேட்டரி என்னத்துக்கு ஆகும்? இனிமே சாவி பீரோலதான் இருக்கும்"னார் அப்பா. தாத்தா ஒண்ணும் சொல்லல. சட்டைப் பையில இருந்த சாவியை எடுத்து டேபிள் மேல வச்சுட்டு உள்ள போயிட்டார்.

எனக்கு மட்டும் கணக்கு உதைச்சது. தாத்தா ரெண்டு மூணு வருஷமா பாட்டு கேட்கிறார், பேட்டரி இப்பதானே படுக்குது? பி.காம் படிக்கிறவன் ஆச்சே, வரவு செலவு போட்டுப் பார்த்தேன்.

எங்க கார் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர். அதாவது, ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தா ஏறக்குறைய 35 மணி நேரம் தாங்கும். அது கையிருப்பு. செட் இழுக்கிறது ஒரு ஆம்பியருக்கு முன்னபின்ன. முக்கால் மணி நேரத்துக்கு முக்கால் ஆம்பியர்-ஹவர். அஞ்சு நாள் கேட்டாலும் நாலைத் தாண்டாது. இதுக்கா ஒரு பேட்டரி படுக்கும்?

இன்னொரு விஷயமும் இருக்கு. வண்டியை ஸ்டார்ட் பண்ண மொத்தத்துல ஆகிற செலவு ரொம்பக் கம்மி. ஆனா அதை ரெண்டு மூணு செகண்டுக்குள்ள, நூறு ஆம்பியருக்கு மேல, ஒரே மூச்சுல கொடுக்கணும். ஊர்ல நாலு ஏக்கர் இருந்தும் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாம நிக்கிறவரைப் பார்த்திருப்பீங்களே, இறங்கிப் போன பேட்டரி நிலைமை அதுதான். ரூம் லைட் எரியும், ஹார்ன் கூட அடிக்கும், செல்ஃப் மட்டும் எடுக்காது. முழுசா சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி ஓடாம நிக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2 வந்தாலே பாதி காலி. 12க்குக் கீழே போனா தள்ள ஆள் தேட ஆரம்பிச்சுடலாம்.

ஞாயித்துக்கிழமை பேட்டரி கடைக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டி, நடுவுல மீட்டரை மாட்டினார். கதவைப் பூட்டிட்டு அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். இந்தக் காலத்து வண்டி சாவியை எடுத்ததும் தூங்காதாம், உள்ள இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகுமாம். மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாதுன்னும் சொன்னார், திருப்பினா மீட்டரோட ஃபியூஸ் போயிடும். பூட்டி நிறுத்தின வண்டி 0.05 ஆம்பியருக்குள்ள இழுத்தா ஓகே. எங்க வண்டி இழுத்தது 0.28.

ஒவ்வொரு ஃபியூஸா உருவிப் பார்த்தார். ஒண்ணை உருவினதும் மீட்டர் 0.03க்கு இறங்குச்சு. அந்த ஃபியூஸ்ல இருந்து ஒரு வயர் மேல போய், முன் கண்ணாடியில மார்ச் மாசம் அண்ணன் மாட்டின டேஷ்கேம்ல முடிஞ்சது! வண்டி நின்னாலும் ராத்திரி பகலா படம் எடுக்கணும்னு, எப்பவும் கரண்ட் வர்ற லைன்ல மாட்டியிருக்கான். பேட்டரி இறங்கினா தானா கட் ஆகிற கிட் தனியா கிடைக்கும், அதை வாங்கல.

0.25 ஆம்பியர்னா கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். 24ஆல பெருக்குங்க. ஒரு நாளைக்கு 6. அஞ்சு நாளைக்கு 30. கையிருப்பு 35. அப்பா வார நடுவுல வண்டியை எடுத்த வாரமெல்லாம் தப்பிச்சோம், எடுக்காத வாரம் சனிக்கிழமை மாட்டினோம். தாத்தா எடுத்ததைப் போல எட்டு மடங்கு, சத்தமே இல்லாம.

எனக்குத் தோணினது இதுதான். எரிச்சல் தர்ற பழக்கம் வேற, நஷ்டம் தர்ற பழக்கம் வேற. நாம திட்டுறது எப்பவும் கண்ணுல படுறதை, காதுல விழுறதை. தாத்தா பாட்டு தெரு முனை வரைக்கும் கேட்கும், அதனால மாட்டிக்கிட்டார். கேமரால தெரிஞ்சது பொட்டு மாதிரி ஒரு சின்ன லைட். ரிமோட்ல டிவியை ஆஃப் பண்ணிட்டுப் படுக்கப் போறோமே, செட்டாப் பாக்ஸ் விடிய விடிய முழிச்சிருக்கும். 10 வாட்னு வச்சுக்கிட்டாலும் வருஷத்துக்கு 87 யூனிட். அதுக்காக எந்த வீட்லயாவது பஞ்சாயத்து நடந்திருக்கா?

அண்ணன் இப்ப வயரை, சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைனுக்கு மாத்திட்டான். பேட்டரியும் புதுசு. அடிக்கடி அடி வரைக்கும் இறங்கினா, உள்ள இருக்கிற ஈயத் தகடுல சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும், அப்புறம் சார்ஜ் நிக்காது. அதுக்கு மேல எங்க ஊர் வெயில் வேற. உங்க வண்டியும் வாரக்கணக்குல நிக்கும்னா, நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி வச்சுடுங்க. இல்லன்னா வாரம் ஒரு தடவை அரை மணி நேரமாவது ரோட்ல ஓட்டுங்க. வாசல்ல நிறுத்தி அஞ்சு நிமிஷம் உறும விடுறது ஸ்டார்ட் பண்ண எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவே சரியா போயிடும்.

இதெல்லாம் சரியா போச்சு. தாத்தா மட்டும் இன்னும் கார் பக்கம் போகல. ஆறு மணிக்கு வாசல்ல சேர் போட்டு ரோட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். "போய் பாட்டு கேளுங்க தாத்தா, அதுல ஒண்ணும் ஆகாது"ன்னு மீட்டர் கணக்கெல்லாம் சொன்னேன். "வேண்டாம்ப்பா, நாளைக்கு ஒண்ணுன்னா மறுபடி என்னைத்தான் சொல்வாங்க"ன்னுட்டார்.

அவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கப்பான்னு அப்பாகிட்ட கேட்டிருக்கேன். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கார். அதுவும் எங்க வீட்டுப் பழக்கம்தான். அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதுறேன்.