பாரிஸுக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவது?

பாடசாலை விடுமுறை நெருங்கினால் பாரிஸில் இருக்கிற தமிழருக்குத் தொலைபேசி ஓயாது. லண்டனில் இருந்து மச்சாள், ரொறன்ரோவில் இருந்து கூடப் படித்தவன், சென்னையில் இருந்து நண்பரின் மகள். "குடும்பமா வாறம், எந்தப் பக்கம் ரூம் எடுக்கிறது?" என்று கேட்பார்கள். நான் வாய் திறக்க முதலே அடுத்த வசனமும் வந்துவிடும்: "ஈபிள் டவர் தெரியிற மாதிரி இருந்தா நல்லம்."

அந்த ஆசையில் பிழை இல்லை. ஆனால் கோபுரத்தைப் பார்க்க அதன் காலடியில் படுக்கத் தேவையில்லை. 330 மீற்றர் உயரத்தில் நிற்கிறது அது. செய்ன் நதிப் பாலங்களில் நின்றாலும், மொன்மார்த்ர் மேட்டிலோ பெல்வில் மேட்டிலோ ஏறினாலும் கண்ணில் படும். இருட்டிய பிறகு மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் மின்னுவதை ஒரு பாலத்தில் நின்று பார்த்துவிட்டு மெத்ரோ பிடித்து வந்துவிடலாம். கோபுரம் நிற்கிற ஏழாம் வட்டாரம் அமைச்சகங்களும் தூதரகங்களும் பழைய பணக்காரக் குடும்பங்களும் இருக்கிற பகுதி. ரூ கிளேர் போன்ற ஒன்றிரண்டு சந்தைத் தெருக்களை விட்டால், பொழுதுபட்டதும் தெருக்கள் அடங்கிவிடும். பிள்ளைக்குப் பசித்தால் திறந்திருக்கிற கடை தேடி நடக்கவேண்டும்.

லூவரும் நோத்ர் தாமும் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை, பகலில் எப்படியும் போய்ப் பார்த்துவிடுவீர்கள். காலையில் பாண் வாங்க இறங்குகிற தெருவும், இரவு கால் வலியோடு திரும்பி வருகிற தெருவும்தான் பிறகு உங்கள் நினைவில் பாரிஸ் என்று நிற்கும். அந்தத் தெருவைப் பார்த்துத்தான் இடம் எடுக்கவேண்டும் என்று கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

முதலில் விலாசம் வாசிக்கப் பழகவேண்டும். நகரத்தில் 20 வட்டாரங்கள். லூவர் பக்கம் ஒன்றில் தொடங்கி நத்தை ஓடு மாதிரிச் சுழன்று கிழக்கே இருபதில் முடியும். 1860இல் மொன்மார்த்ர், பெல்வில், பஸ்ஸி முதலான அயல் ஊர்களை நகரத்தோடு இணைத்தபோது வந்த ஒழுங்கு இது. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைச் சொல்லும்: 75005 என்றால் ஐந்தாம் வட்டாரம், 75010 என்றால் பத்து. குறியீடு 92, 93, 94 என்று தொடங்கினால், விளம்பரத்தில் பாரிஸ் என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும், அந்த ஹோட்டல் பெரிபெரிக் என்கிற சுற்றுவீதிக்கு வெளியே இருக்கிறது. உள்ளே எந்த வட்டாரத்தில் தங்கினாலும் பெரும்பாலான இடங்களுக்கு அரை மணித்தியாலம், கூடினால் நாற்பது நிமிடம். இரண்டு பெரிய காடுகளையும் சேர்த்தே முழு நகரமும் 105 சதுர கிலோமீற்றர்தான். அதனால் தூரத்தைக் காட்டிப் பயந்து நடுவிலேயே இடம் தேடி இரண்டு மடங்கு காசு கொடுக்கவேண்டியதில்லை.

அடுத்தது மாடி. 1853 முதல் 1870 வரை பாரிஸ் அடங்கிய மாவட்டத்தை நிர்வகித்த ஓஸ்மான், மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி பழைய சந்துகளை இடித்து அகலமான சாலைகளைப் போட்டார். அவற்றின் ஓரங்களில் எழுந்த கல் வீடுகள்தான் இன்றைக்குப் பாரிஸின் முகம். அவற்றின் உச்சியில், துத்தநாகக் கூரைக்கு நேர் கீழே, வேலைக்காரப் பெண்களுக்கென்று ஒடுங்கிய அறைகள் கட்டினார்கள். ஏறுவதற்குப் பின்பக்கப் படி, கழிப்பறை நடைவழியில். வந்த புதிதில் எங்கள் ஆட்கள் பலர் நாலு பேர், ஐந்து பேராகப் படுத்தெழும்பியது அப்படியான அறைகளில்தான். இன்று அதே அறைகளில் சிலதுக்கு வெள்ளை அடித்து, கூரைகள் தெரிகிற அழகிய அறை என்று படம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். விளம்பரத்தில் 'சான் அசான்சர்' என்று கண்டால் லிஃப்ட் இல்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் வேறு எதைக் கவனிக்காவிட்டாலும் இதைக் கவனிக்கவேண்டும். யூலை, ஓகஸ்ட் வெக்கையில் துத்தநாகக் கூரை பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் இறக்கும். யன்னல் தெருப்பக்கமா முற்றத்துப் பக்கமா என்றும் கேளுங்கள். முற்றத்துப் பக்கம் என்றால் நித்திரை உறுதி.

வரலாறு பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்வது மரே பகுதி. சொல்வதில் நியாயம் உண்டு. 1612இல் திறக்கப்பட்ட பிளாஸ் தே வோழ் சதுக்கம், சிவப்பும் வெள்ளையுமான ஒரே சீர் வீடுகளோடு இன்றும் அப்படியே நிற்கிறது. 1960களில் இந்தப் பகுதி சிதைந்து, ஒழுகுகிற வீடுகளோடு கிடந்தது. 1962இல் பண்பாட்டு அமைச்சர் அந்திரே மல்ரோ கொண்டுவந்த சட்டம்தான் இதை இடிபடாமல் காத்தது. பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் நான் மரேக்குப் போகிறவர்களைச் சதுக்கத்தோடு திரும்பவிடுவதில்லை. ரூ தே ரோசியே யூதர்களின் பழைய தெரு. அதற்குப் பக்கத்தில், ஒஸ்பித்தலியேர் சன் ஜெர்வே தெருவில் ஓர் ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. அந்தப் பாடசாலையின் 165 யூதப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு போகப்பட்டு நாசி முகாம்களில் கொல்லப்பட்டார்கள் என்று சுவரில் பலகை பதித்திருக்கிறார்கள். நகரம் முழுக்கப் பாடசாலைச் சுவர்களில் இப்படியான பலகைகளைக் காணலாம். 1942 யூலையில் யூதப் பிள்ளைகளையும் தாய்மாரையும் வீடு வீடாகப் போய்ப் பிடித்தவர்கள் பிரெஞ்சுப் பொலிஸார். தன் அரசு செய்த குற்றத்தைத் தன் பாடசாலை வாசலிலேயே ஒரு நாடு எழுதி வைக்கிறதென்றால், போரிலிருந்து தப்பி வந்த எங்களுக்கு அதன் பெறுமதி தெரியும். செம்மணிக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் அப்படி ஒரு பலகையை இலங்கை அரசு தன் கையால் பதிக்கிற நாளுக்காக நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம்.

தங்குவதற்கு மரேயைச் சொல்லமாட்டேன். விலை கூட, வார இறுதி இரவுகளில் ஒடுங்கிய தெருக்களில் சத்தம் அடங்காது. இன்னொரு காரணமும் உண்டு. நடு வட்டாரங்களில் கதவுக் கம்பிகளிலும் வேலிகளிலும் சிறிய இலக்கப் பூட்டுப் பெட்டிகள் தொங்குவதைக் காண்பீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பு வைக்கிற பெட்டிகள். அப்படியொரு வீட்டில் முன்பு ஒரு குடும்பம் இருந்திருக்கும். வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடுவது மாத வாடகையைவிட இலாபம் என்றானதும், வாடகைக்கு வீடு தேடி அலைகிறவர்களின் வரிசை நீண்டது. பிள்ளை குட்டியோடு ஒற்றை அறையில் இருந்துகொண்டு சமூக வீட்டுக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிற எங்கள் குடும்பங்களும் அந்த வரிசையில் நிற்கின்றன. 2025 ஜனவரி முதல் பாரிஸில் ஒருவர் தான் குடியிருக்கிற வீட்டை ஆண்டுக்கு 90 நாள்தான் இப்படி விடலாம். முன்பு 120 நாளாக இருந்தது.

மொன்மார்த்ர் படத்தில் அழகு. சூட்கேஸோடு அந்தப் படிகளில் ஏறினால் அழகு மறந்துபோகும். காலையில் வெள்ளென, கூட்டம் வர முதல் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் வருகிற குடும்பம் என்றால் நதியின் தென்கரையில் ஐந்தாம் வட்டாரம், அதிலும் பிளாஸ் மோன்ழ் பக்கம். முஃப்தார் தெருச் சந்தை பக்கத்தில். பிள்ளைகள் ஓடி விளையாட ழார்தான் தே பிளாந்த் என்ற தாவரவியல் பூங்கா. அதற்கு எதிரே 1926இல் திறந்த பெரிய பள்ளிவாசல், அதன் தேநீர்க் கடையில் புதினா போட்ட தேநீர். விமான நிலையத்தில் இருந்து ஆர்ஈஆர் பி ரயிலில் ஏறினால் மாறாமல் லுக்சம்பூர் நிலையத்தில் இறங்கலாம். ஷத்தலே நிலையத்தில் மாறச் சொன்னால் மட்டும் வேறு வழி பாருங்கள், அந்தச் சுரங்கப் பாதைகளில் மூட்டையோடு நடப்பது பெரிய பாடு. பழைய மெத்ரோப் பாதைகளில் லிஃப்ட் உள்ள நிலையங்கள் மிகக் குறைவு. 1998இல் வந்த 14ஆம் இலக்கப் பாதையில் எல்லா நிலையங்களிலும் உண்டு, 2024 யூனில் இருந்து அது ஓர்லி விமான நிலையம் வரை போகிறது. நடக்க ஏலாதவர்களுக்கு பஸ்தான் நல்லது. ஊரும் தெரியும்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். "லாச்சப்பல்ல எடுக்கட்டா? எங்கட சாப்பாடும் இருக்கும்" என்று ஒருவர் கேட்பார். "அந்தப் பக்கம் ஆபத்தாம், இணையத்தில எழுதியிருக்கினம்" என்பார் இன்னொருவர். இரண்டாமவருக்குப் பதில் சொல்லவேண்டியது என் கடமை.

லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெத்ரோ இரும்புத் தூண்களில் தலைக்கு மேலே ஓடுகிறது. இறங்கி ஃபோபூர் சன் டெனி தெருவில் நடந்தால் கண்ணாடிக்குள் சேலை உடுத்திய பொம்மைகள், நகைக்கடைகள், வாசலில் பெட்டி பெட்டியாக முருங்கைக்காய், வெற்றிலை, மரவள்ளி. பக்கத்தில் ரூ காய், ரூ பெர்தொனே. கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். 1983க்குப் பிறகு வந்த பொடியள் பிரெஞ்சுக்காரரின் குசினிகளில் கோப்பை கழுவி, ஊருக்குக் காசு அனுப்பி, மிச்சத்தில் போட்ட கடைகள் இவை. 1985இல் தொடங்கிய ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஓகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ இந்தத் தெருக்களால்தான் வரும். அன்றைக்குத் தெருவெல்லாம் உடைத்த தேங்காயும் தண்ணீரும். வெள்ளைக்காரரும் ஆபிரிக்கரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

பக்கத்துக் கூத் தோர் பகுதியை எமில் சோலா தன் 1877 நாவலில் எழுதினார். துணி வெளுத்துப் பிழைக்கிற ஒரு பெண்ணின் கதை அது. அன்று தொட்டே இது உழைக்கிற சனத்தின் இடம். இரவு பதினொன்றரைக்கு மெத்ரோ வாசலில் கூட்டமாக நிற்கிறவர்களைக் கண்டு பயப்படுகிறார்கள். கிட்டப் போனால் அவர்களின் ஜக்கெற்றில் பொரித்த எண்ணெய் மணம் தெரியும். வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் போக முதல் ஒரு தேநீர் குடித்து ஊர்க்கதை கதைக்கிற மனிதர்கள். பொக்கெற் அடிக்கிறவர்கள் அதிகம் கை வைப்பது சுற்றுலாக்காரர் நெரிகிற இடங்களில்: கோபுரத்தடி, லூவர் வாசல், சக்ரே கேர் படிகள், முதலாம் இலக்க மெத்ரோ. பக்கத்தில் உள்ள கார் து நோர் ரயில் நிலையத்துக்குள் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவு போதும்.

ஆனாலும் படுக்கைக்கு லாச்சப்பல் வேண்டாம், அது ரயில் நிலையத்து இரைச்சல். சாப்பிட்டுவிட்டுக் கிழக்கே ஒரு பதினைந்து நிமிடம் நடங்கள், அதே பத்தாம் வட்டாரத்தில் சன் மார்த்தன் கால்வாய் வரும். நான் கைகாட்டுகிற இடம் அதுதான்.

1802இல் நெப்போலியன் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவரக் கால்வாய் வெட்டச் சொன்னார். 1825இல் இது திறந்தது. நாலரை கிலோமீற்றரில் ஒன்பது நீர்ப்பூட்டுகள். இரும்பு நடைபாலத்தில் சாய்ந்து நின்று பாருங்கள்: படகு உள்ளே வரும், பின்னால் கதவு மூடும், தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும், படகிலிருக்கிறவரின் முகம் உங்கள் காலடிக்கு உயர்ந்து வரும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய காட்சி வேண்டாம். 1960களில் இதை மூடி மேலே விரைவுச்சாலை போடத் திட்டமிட்டார்கள். நல்லகாலம், கைவிட்டார்கள். மாலையில் அக்கம்பக்கத்தார் கரையில் குந்தியிருந்து சாப்பிடுவார்கள். காலையில் வெதுப்பகத்தில் வேலைக்குப் போகிறவர்களோடு வரிசையில் நின்று நீங்களும் பாண் வாங்கலாம். உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லவேண்டும், அது இங்கே மரியாதையின் முதல் படி. அருகில் நான்காம் ஆன்றி அரசன் 1607இல் கொள்ளைநோய்க்காரருக்காகத் தொடங்கிய சன் லூயி மருத்துவமனை. பிளாஸ் தே வோழ் கட்டிய அதே காலம், அதே செங்கல்லும் கல்லும். அதன் முற்றத்தில் மரநிழலில் இருக்கக் காசும் இல்லை, கூட்டமும் இல்லை. அந்த மருத்துவமனைக்கு எதிரேயுள்ள மதுச்சாலையிலும் கம்போடிய உணவகத்திலும் 2015 நவம்பர் 13 இரவு 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டும் மீண்டும் திறந்தன. இன்றைக்கும் அந்த மேசைகள் நிரம்பியிருக்கின்றன. பயந்து ஒதுங்காத இந்த அயலை நான் மதிக்கிறேன்.

பெரிபெரிக்குக்கு வெளியே உறவினர் வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாக் கூர்னேவிலோ பொண்டியிலோ இருக்கிற சித்தி "ஏன் ஹோட்டல், இங்க வந்து நில்லுங்கோ" என்று மனதாரத்தான் சொல்வார். இரண்டு இரவு போய் நில்லுங்கள். விடிய நாலரைக்கு எழும்பி அலுவலகம் துப்புரவாக்கப் போகிற சித்தப்பாவோடு ஒரு தேநீர் குடியுங்கள். பக்கத்தில் சன் டெனி பேராலயம், பிரெஞ்சு அரசர்கள் பெரும்பாலானோரைப் புதைத்த இடம், பாரிஸ் பார்க்க வருகிறவர்கள் எட்டியும் பார்க்காதது. மிச்ச நாளுக்கு நகரத்துக்குள் அறை எடுங்கள். சித்தியின் வரவேற்பறைச் சோபாவில் ஒரு கிழமை படுத்தால் அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

தேர் நேரம் வருகிறவர்கள் பத்தாம் வட்டாரத்தில் அறையை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். ஹோட்டல் கட்டாது, வீடுதான் எடுக்கவேண்டும் என்றால், விளம்பரத்தில் நகரசபையின் பதிவு இலக்கம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் இல்லாத வீட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.