நிறுத்தி வைக்கக் கூடிய விளையாட்டு



பெருநாளுக்கு முந்திய நாட்களிலும், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் காலத்துக் கடைகளிலும் ஒரு சின்ன விளையாட்டு மெஷின் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பல நிறங்களில் வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பெட்டியில் "400 விளையாட்டுகள்" என்று அடித்திருக்கும். இரண்டு மூன்று ஆயிரம் ரூபாய் சொல்வார்கள். "சேர், புள்ளைக்கு இத வாங்கிக் குடுக்கலாமா? போன விட இது பரவாயில்லையா?" என்று நாலைந்து பெற்றோர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பாடசாலை வாசலில் நின்றபடி ஒரு வரியில் பதில் சொல்ல ஏலாத கேள்வி. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இந்தச் சாமான் என்ன என்று பார்ப்போம். இதற்குள் இருப்பவை புதிய விளையாட்டுகள் அல்ல. பெரும்பாலானவை எனக்கும் உங்களுக்கும் தெரிந்தவைதான். மரியோ, கொன்ட்ரா, டெட்ரிஸ், பெக்-மேன். ஜப்பானின் நின்டெண்டோ கம்பனி 1983இல் வெளியிட்ட ஃபெமிகொம் என்ற மெஷினுக்காகச் செய்யப்பட்டவை அல்லது அதற்கு மாற்றி எழுதப்பட்டவை. நாங்கள் "டீவி கேம்" என்று சொன்னது அந்த ஃபெமிகொமைப் பார்த்துச் செய்த மலிவான நகலைத்தான். பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் இன்னொரு பழைய நண்பனும் இருப்பான். எங்கள் வாப்பாமாரின் நோக்கியா போனில் கிடந்த அதே வகைப் பற்றரி. டீவியோடு இணைக்க ஒரு வயரும் பெட்டிக்குள் வரும். அந்த வயரை எறிந்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இவற்றில் சில அதற்கும் முந்தியவை. 1978இல் ஜப்பானின் டைட்டோ கம்பனிக்காக தொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸும், 1980இல் நம்கோ கம்பனிக்காக தோரு இவதானி செய்த பெக்-மேனும் கடைகளில் நிறுத்தி வைக்கும் பெரிய பெட்டிகளாகத்தான் முதலில் வந்தன. காசைப் போட்டால்தான் ஆடலாம். அதே 1980இல் நின்டெண்டோவின் குன்பேய் யொக்கொய், கல்குலேட்டர் அளவில் சட்டைப் பைக்குள் போடக் கூடிய விளையாட்டைக் கொண்டு வந்தார். "கேம் என்ட் வொட்ச்" என்று பெயர், நேரமும் காட்டும். அடுத்த பதினொரு வருடங்களில் அந்த வரிசையில் 4 கோடிக்கு மேல் விற்றன.

யொக்கொயிடம் ஒரு கொள்கை இருந்தது. புத்தம் புதிய, விலை கூடிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகி மலிந்துபோன ஒன்றை எடுத்துப் புதிய விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பார். அதனால்தான் 1989இல் வந்த கேம் போய்க்கு வர்ணத் திரை இல்லை. ஆனால் நாலு சின்னப் பற்றரியில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. வர்ணத் திரையோடு போட்டிக்கு வந்த சேகா கம்பனியின் கேம் கியர், ஆறு பற்றரியை ஒரு சில மணித்தியாலத்தில் முடித்துவிடும். வென்றது எது என்று உலகத்துக்கே தெரியும்.

இப்போது அந்தக் கம்பனிகளே பழையதைத் திரும்ப விற்கின்றன. 2016இல் நின்டெண்டோ தன் பழைய மெஷினைக் கைக்கடக்கமாக்கி, உள்ளே 30 விளையாட்டுகளைப் போட்டு வெளியிட்டது. 2020 நவம்பரில், மரியோவின் 35ஆவது வருடத்துக்காகக் கேம் என்ட் வொட்ச் வடிவத்தையே மீண்டும் கொண்டு வந்தது. அதே வருடம் சேகா ஜப்பானில் விற்ற குட்டி கேம் கியரின் திரை 1.15 அங்குலம்தான். கிட்டத்தட்ட ஒரு தபால் முத்திரை. இவற்றைச் சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்கிறார்கள் என்றா நினைக்கிறீர்கள்? முப்பது, நாற்பது வயதுக்காரர்களின் நினைவுக்குத்தான் விலை போட்டிருக்கிறார்கள்.

அந்த நினைவு எனக்கும் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டின் முன் அறையில் டீவி கேம் இருந்தது. அரை மணித்தியாலத்துக்கு ஐந்து ரூபாய். ஐந்து ரூபாய் ஒருவனிடம் முழுதாக இருக்காது. மூன்று பேர் சேர்ந்து போடுவோம். விளையாடுவது இரண்டு பேர், பார்ப்பது பத்துப் பேர். "டேய், குதி! குதி!" என்று பின்னால் நின்று கத்துபவனுக்குத்தான் ஆடுபவனை விடக் கூட வேர்க்கும். லைஃப் போனால் கையிலிருப்பதை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனை அடுத்த நாள் யாரும் சேர்க்க மாட்டார்கள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் வீட்டுக்கார நானா வந்து பொத்தானை அழுத்தி விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டு, "தொழுதுட்டு வாங்கடா" என்பார். திரும்பி வந்தால் மரியோ நின்ற இடத்திலேயே நிற்பான்.

அந்த அறை இன்று இல்லை. 2004 டிசம்பர் 26இல் அந்த வீடும் போனது, அந்தத் தெருவும் போனது. என்னோடு காசு சேர்த்து விளையாடிய இருவர் அன்றைக்கு மௌத்தாகிவிட்டார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். அதை நான் எழுதி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே சொல்ல வந்தது வேறு. விளையாட்டை எந்தக் கம்பனியும் மீண்டும் வெளியிடலாம். அந்த அறையை யாராலும் வெளியிட ஏலாது.

இனி இன்றைய விசயத்துக்கு வருகிறேன். என் தங்கச்சியின் மகனுக்குப் பதினொரு வயது. மச்சான் கத்தாரில் வேலை. கொரோனா காலத்து ஒன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன்தான் வாப்பாவோடு பேசும் போனும். மெல்ல மெல்ல அதுவே விளையாட்டு மெஷினாகவும் ஆகிவிட்டது. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு சுடுகிற விளையாட்டு, பெயர் வேண்டாம். ஒரு நாள் மச்சான் வேலை முடிந்து அறைக்கு வந்து கோல் எடுத்திருக்கிறார். பொடியன் கட் பண்ணியிருக்கிறான். திரும்ப எடுத்திருக்கிறார், திரும்பவும் கட். மூன்றாவது தடவை தங்கச்சி போனைப் பறித்திருக்கிறாள். அதற்கு அவன் போட்ட கூச்சலை அந்தப் பக்கத்தில் வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு மச்சான் எனக்கு எடுத்துப் பேசிய பேச்சை இங்கே எழுத மனமில்லை. "நான் யாருக்காக இஞ்ச கிடக்கன் மச்சான்?" என்ற ஒன்றே போதும்.

அவனிடம் தனியாகக் கேட்டேன். "வாப்பாட கோல ஏன் கட் பண்ணின?"

"இடையில விட்டா தோத்துருவன் மாமா. நிப்பாட்ட ஏலா. மத்தவங்களும் ஏசுவாங்க."

பொய் சொல்லவில்லை அவன். அந்த விளையாட்டை உண்மையில் நிறுத்தி வைக்க முடியாது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். ஒருவனின் உம்மா கூப்பிடுகிறா என்று மற்றவர்கள் காத்து நிற்க மாட்டார்கள். ஒரு ஆட்டம் முடிந்த கையோடு அடுத்த ஆட்டம், இன்றைக்கு வந்தால் பரிசு, நாளைக்கும் வந்தால் அதை விடப் பெரிய பரிசு, இன்னும் வேண்டுமென்றால் காசு கட்டு. பிள்ளை எழுந்து போகாமல் இருப்பதில்தான் அவர்களின் வருமானம். பதினொரு வயதுப் பிள்ளையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை.

பழைய பெட்டி விளையாட்டுக்காரர்கள் அவ்லியாக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் காசுதான் குறி. ஆனால் வழி நேர் எதிரானது. கடையில் வைத்த பெட்டிக்கு வருமானம் வர வேண்டுமென்றால், ஆடுபவன் கெதியாகத் தோற்று, அடுத்தவன் காசு போட வேண்டும். அதனால் ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருந்தது, வரிசை ஒன்று இருந்தது. அதுவே வீட்டு மெஷினுக்கு வந்தபோது நிறுத்தி வைக்கும் பொத்தானும் சேர்ந்தது. முடிவும் வரிசையும் அந்தப் பொத்தானும் இன்றைய போன் விளையாட்டுகள் பலவற்றில் இல்லை.

மச்சான் அடுத்த லீவில் வரும்போது அந்தச் சின்ன மெஷினைக் கொண்டு வந்தார். "போனுக்குப் பதிலா இது" என்று மகனிடம் கொடுத்தார். இரண்டே நாள். மூன்றாம் நாள் அது அலுமாரிக்கு மேலே. "மாமா, இதுல ஒரு மண்ணும் இல்ல. 400 எண்டு போட்டிரிக்கி, ஒரே கேம்தான் வேற வேற பேர்ல வருது" என்றான். அதுவும் பொய்யில்லை. எங்கள் காலத்து "9999 விளையாட்டு" மெஷினும் அப்படித்தான், வேகத்தையும் கட்டத்தையும் மாற்றி மாற்றி எண்ணிய கணக்கு அது. ஆகவே கடையில் கேட்கும் பெற்றோருக்கு என் பதிலின் முதல் பாதி இதுதான். மெஷினை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கினால் அது இரண்டு நாளுக்குத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அலுமாரியிலிருந்து மெஷினை இறக்கி, அந்த வயரை எடுத்து டீவியில் மாட்டினேன். பக்கத்து வீட்டுப் பொடியன்மார் இருவரைக் கூப்பிட்டேன். சட்டம் ஒன்றே ஒன்று. லைஃப் போனால் அடுத்தவனுக்கு. அரை மணித்தியாலத்துக்குள் அந்தக் கூடத்தில் சத்தம் தாங்க முடியவில்லை. எட்டு வயதுக்காரன் ஒருவன் அழ, "சின்னவனுக்கு ஒரு லைஃப் கூடக் குடுப்பம்" என்று என் மருமகனே தீர்ப்புச் சொன்னான். உம்மா உள்ளேயிருந்து வந்து, "ஆ, அந்த ரீங் ரீங் சத்தம் திரும்பவும் வந்திட்டா?" என்று சிரித்தா.

ஆசிரியர் கலாசாலையில் பியாஜேயைப் படித்தோம். பரீட்சைக்காகப் பாடமாக்கிய ஆள்தான். சுவிற்சர்லாந்தில் பொடியன்கள் கோலி விளையாடுவதைக் கூர்ந்து பார்த்து, பிள்ளைகளுக்கு நியாயம், அநியாயம் என்ற எண்ணம் எப்படி வளர்கிறது என்று 1932இல் ஒரு புத்தகமே எழுதினார். பெரியவர்கள் போட்ட சட்டத்துக்குப் பணிவது ஒரு கட்டம். தங்களுக்குள் பேசி, எல்லாரும் ஒத்துக்கொண்டு சட்டத்தை மாற்றிக்கொள்வது அடுத்த கட்டம். சின்னவனுக்கு ஒரு லைஃப் கூடக் கொடுத்த அந்தத் தீர்ப்பு எனக்குப் பியாஜேயைத்தான் ஞாபகப்படுத்தியது. போன் விளையாட்டில் சட்டத்தைத் தூரத்தில் ஒரு கம்பனி எழுதுகிறது. பிள்ளை அதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது.

கணக்குப் படிப்பிக்கவும் இதில் விசயம் உண்டு. பெக்-மேனின் பழைய பெட்டியில் 256ஆம் கட்டத்துக்குப் போனால் திரையின் வலப்பாதி எழுத்தும் குறியுமாகச் சிதறிவிடும், தாண்ட ஏலாது. காரணம், கட்டத்தை எண்ண ஒதுக்கிய இடம் எட்டு பிற் மட்டும். எட்டு பிற்றில் எழுதக் கூடிய ஆகப் பெரிய எண் 255. தரம் 9இல் துவித எண்கள் படிப்பிக்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், பின் வாங்கில் இருப்பவனும் நிமிர்வான். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள் இருக்கிறார்கள். சுடச் சுட மிச்சமிருப்பவர்களின் வேகம் கூடும். அதை வேண்டுமென்று திட்டமிடவில்லை. வரைய வேண்டிய உருவம் குறையக் குறைய அந்தக் கால மெஷின் வேகமாக ஓடியது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். விளையாட்டின் ருசியே அதுவாகிவிட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த மலிவு மெஷின்களில் இருப்பவை பெரும்பாலும் உரியவரிடம் அனுமதி பெறாமல் நகல் எடுத்தவை. டெட்ரிஸை 1984இல் மொஸ்கோவில் ஆக்கிய அலெக்சி பாஜித்னோவுக்கு, உலகமே அதை ஆடிய காலத்தில் உரிமைப் பணம் கிடைக்கவில்லை. உரிமை சோவியத் அரசிடம் இருந்தது. 1996க்குப் பிறகுதான் அவர் கைக்கு வந்தது. இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். "அப்ப அது அவர்ட ஹக் தானே மாமா?" என்று கேட்டான். அனுமதி பெற்றுச் செய்த மெஷின்களும் சந்தையில் இருக்கின்றன, விலைதான் கூட. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் பிள்ளையோடு இதைப் பேசாமல் விடாதீர்கள். ஹக் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த இதை விட லேசான உதாரணம் கிடைக்காது.

ஆகவே கேட்ட பெற்றோருக்கு என் பதிலின் மறுபாதி. வாங்குவதென்றால் வாங்குங்கள், ஆனால் தனியாக மூலையில் இருந்து ஆட விடாதீர்கள். வயரை மாட்டிக் கூடத்து டீவியில் போடுங்கள். அயல் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். சட்டத்தை அவர்களே போடட்டும். பாங்கு சொன்னால், உம்மா கூப்பிட்டால், வாப்பாவின் கோல் வந்தால் நிறுத்தி வைத்துவிட்டு எழும்ப வேண்டும் என்ற ஒரு சட்டத்தை மட்டும் நீங்கள் போடுங்கள். நீங்களும் ஒரு ஆட்டம் உட்காருங்கள், கட்டாயம் தோற்பீர்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு சொல். சாமானை அனுப்புவதோடு விடாதீர்கள். "இண்டைக்கு எத்தின எடுத்த?" என்று கேளுங்கள்.

தங்கச்சி வீட்டில் போன் பிரச்சினை முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இப்போதும் போனுக்குச் சண்டை இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு கூடத்தில் ஐந்தாறு பேர் சேருகிறார்கள். ஒரு கொப்பித் தாளில் யார் எத்தனை எடுத்தான் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மச்சான் கோல் எடுத்தால் முதலில் அந்தத் தாளைத்தான் போனில் காட்டச் சொல்கிறாராம்.

உங்கள் வீட்டு அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அந்தக் காலத்து டீவி கேம் அறைகளில் என்னோடு நின்று கத்தியவர்கள் யாரும் இதை வாசித்தால் ஒரு ஸலாமாவது போட்டுவிட்டுப் போங்கள். துஆக்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.