பதினான்கு ஊசிகளின் கடன்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் சந்து ஒன்றில், இரவு ஒன்பது மணிக்குமேல் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். உயிர்த்தொழில்நுட்பவியலில் முதுகலை முடித்தவள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் வீரியத்தைச் சுண்டெலிகளில் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்து பத்து நாளாகியும் அவள் பதில் எழுதவில்லை. நாய்க்குச் சோறிடும் கை எலியைக் கொல்லலாமா என்பதே அவளுடைய தயக்கம். அதை அவள் தாத்தாவிடம் மட்டும் சொன்னாள்.

அவர் ஆலைத் தொழிலாளியின் மகன். அவருடைய பெற்றோர் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி இங்கே குடியேறியவர்கள். 1960களில், அவர் சிறுவனாக இருந்தபோது, இதே சந்தில் ஒரே நாய் அவரையும் அவருடைய விளையாட்டுத் தோழனையும் கடித்தது. இவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். தொப்புளைச் சுற்றி நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசிகள். தோழனுக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சில வாரங்களில் அந்தச் சிறுவன் தண்ணீரைக் கண்டு அலறினான், பின்பு இறந்தான். "நான் உசுரோட இருக்கேன்னா அது ஆடு போட்ட பிச்சை, கண்ணு" என்றார் தாத்தா.

அவர் சொன்னது அணியன்று, செய்தி. டேவிட் செம்பிள் கசௌலியில் 1911இல் உருவாக்கிய முறைப்படி, ஆட்டின் மூளையில் வெறிநோய் வைரஸை வளர்த்து, ஃபீனாலால் அதைச் செயலிழக்கச் செய்து தயாரித்த மருந்துதான் அந்தப் பதினான்கு ஊசிகள். 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையமும் அதைப் பல்லாண்டுகள் தயாரித்தது. அதற்கும் முன்னால், லூயி பாஸ்டர் முயல்களின் தண்டுவடத்தில் நோயை வளர்த்து, உலர்த்தி, நாய்களில் சோதித்த பிறகே 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போடத் துணிந்தார். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை என்ற நிலை இன்றும் மாறவில்லை. ஆகவே இந்த நோயில் தடுப்பூசி ஒன்றே வழி.

விலங்குகளைச் சோதனைக்குப் பயன்படுத்துவதைப் பழிப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆடு சம்மதம் தரவில்லை. எலியின் வலி மெய்யானது. ஆனால் விலங்கை விலக்கினால் அந்த முதல் ஊசி யார் உடலில் இறங்கும்? நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணைக்குப் பின் 1947இல் வகுக்கப்பட்ட நூரம்பெர்க் நெறிகள் இதற்கு விடை சொல்கின்றன: மனிதரில் செய்யும் சோதனை, விலங்குகளில் முன்பே கண்ட முடிவுகளை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். அந்த நெறி எழுதப்படும் முன்னர் சோதனைப் பொருளானவர்கள் சிறைப்பட்டோரும் எளியோரும். விலங்கு நின்ற இடம் காலியானால், அங்கே நிறுத்தப்படுவோர் வசதி படைத்தோராக இருக்கப் போவதில்லை. ஸ்ரீராம்புரம் போன்ற இடங்களின் பிள்ளைகளே முன்னால் நிற்பார்கள்.

இதனால் எல்லாச் சோதனையும் நியாயமாகிவிடாது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது; சரியான தடை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகப் பிறந்த 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம், மருத்துவ ஆய்வை அனுமதிக்கிறது. கூடவே அதைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும், தேவையற்ற வலியைத் தவிர்க்கவும் வழி செய்கிறது. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மூன்று கட்டளைகளும் அதே திசையில் செல்பவை: மாற்று கிடைத்தால் மாற்று, எண்ணிக்கையைக் குறை, வலியைத் தணி.

ஆய்வகப் பேச்சுவழக்கில் எலியைக் கொல்வதற்குப் 'பலியிடுதல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே புழங்குகிறது. அதைவிடக் 'கடன்' என்பதே பொருத்தமான சொல். பலியோடு கணக்கு முடிந்துவிடும். கடனைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெறிநோய் மருந்தின் வரலாறு அப்படிக் குறைந்ததன் வரலாறு. ஆட்டு மூளை மருந்து சிலருக்கு நரம்புத் தளர்ச்சியையும் பக்கவாதத்தையும் தந்தது. இந்தியா 2004ஆம் ஆண்டின் இறுதியில் அதன் தயாரிப்பைக் கைவிட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பவற்றுள் முதன்மையானது, 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து இன்றளவும் வளர்க்கப்படும் வீரோ உயிரணுக்களில் தயாராகும் தடுப்பூசி. மந்தை மந்தையாக ஆடுகள் நின்ற இடத்தில் ஒற்றைக் குரங்கின் உயிரணுக்கள். சுண்டெலிச் சோதனைக்கும் மாற்று உருவாகி வருகிறது: தடுப்பூசியிலுள்ள புரதத்தைச் சோதனைக் குழாயிலேயே அளக்கும் முறைகள் வந்துவிட்டன. அவற்றை நம்பத் தகுந்தவையென நிறுவவும் ஆய்வகத்தில் ஆள் வேண்டும்.

இந்தக் கடனால் பயன்பெறுவது மனிதர் மட்டுமன்று. அவள் சோறு வைக்கும் நாய்களில் இரண்டுக்குக் காது நுனி வெட்டப்பட்டிருக்கிறது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டதன் அடையாளம். ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடிக்கு அஞ்சி நாயை அடித்துக் கொல்லும் தெருவில், அந்த ஊசி நாயின் உயிரையும் காக்கிறது.

அன்றிரவு அவள் ஆய்வகத்துக்குப் பதில் எழுதினாள். சேர விருப்பம் என்று சொல்லி, இரண்டு கேள்விகளையும் சேர்த்தாள்: ஆண்டுக்கு எத்தனை எலிகள்? அவற்றைக் குறைக்க என்ன திட்டம்? பிறகு சோற்றுப் பாத்திரத்தோடு படியிறங்கினாள். தாத்தா தண்ணீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.