கேக்குக்குச் செய்கூலி உண்டா?

சென்னையில் மாதக் கடைசி நாள் வந்தால் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர்களுக்குக் கை ஓயாது. அரசு ஊழியர்களும் ரயில்வே ஊழியர்களும் பணி ஓய்வு பெறுவது அன்றைக்குத்தான். பிறந்தநாள்கள் வருடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பணி ஓய்வு விழாக்கள் மட்டும் ஒரே மாலையில் வந்து குவியும். அப்படியொரு மாதக் கடைசியில், வில்லிவாக்கத்தில் ஒரு மாடி வீட்டில், ரயில் பெட்டி ஒன்று கேக்காக உருவாவதைப் பார்க்கப் போயிருந்தேன்.

செய்பவர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. பெயரைப் போட வேண்டாம் என்றார். “போட்டீங்கன்னா விலை கேட்டு ஃபோன் வரும் தம்பி, ஆர்டர் வராது.” எனக்கு அவர் அக்கா. முன்பு ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதியவர். 2020 ஊரடங்கில் குக்கரில் மணல் பரப்பிக் கேக் சுட்டுப் பார்த்த எத்தனையோ வீடுகளில் இவருடையதும் ஒன்று. இன்று சமையலறையில் ஓடிஜி அடுப்பு, பக்கத்துச் சின்ன அறையில் ஏசி, மேசை மேல் டர்ன்டேபிள், அலமாரி நிறைய அச்சுகளும் நாசில்களும். கதவருகே உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று தொங்குகிறது, 14 இலக்க எண்ணோடு. அவர் எடுத்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கான பதிவு அது. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். “இந்தத் தொழில்ல மலிவா கிடைச்சது இது ஒண்ணுதான்” என்று சிரித்தார்.

ஆர்டர் கொடுத்தவர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஆலையில் ஓய்வுபெறும் ஒரு ஃபிட்டரின் மகள். முதலில் அனுப்பியது வந்தே பாரத் ரயிலின் படம். பெரம்பூரில் 1955இல் தொடங்கிய அந்த ஆலையில்தான் 2018இல் வந்தே பாரத்தின் முதல் தொடர் உருவானது. அதனால் அது இயல்பான தேர்வுதான். அக்கா திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “அப்பா ரொம்ப வருஷம் எந்தப் பெட்டியில வேலை பார்த்தாரும்மா?” மகள் அப்பாவிடம் சாடைமாடையாக விசாரித்ததில் பதில் வந்தது: பழைய நீலப் பெட்டி. அந்த வடிவமைப்பில் பெட்டி கட்டுவதை 2018 தொடக்கத்தில் ஆலை நிறுத்திவிட்டது. ஆர்டர் அன்றே மாறியது.

தீம் கேக்கின் முதல் வேலை இந்த விசாரணைதான் என்பது அங்கே புரிந்தது. மூன்று வயதுக் குழந்தைக்குச் செய்யும் யானையின் தும்பிக்கை கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் பாதகமில்லை. ரயில் பெட்டி கட்டியவருக்கு ரயில் பெட்டி செய்வது வேறு சங்கதி. அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் பென்சில் படம் ஒன்று இருந்தது. அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகி இரண்டு, போகிக்கு நான்கு சக்கரம், பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு இரண்டாகத் தெரிய வேண்டும். உடம்பு வெளிர்நீலம், ஜன்னல் வரிசை ஓடும் பட்டை கருநீலம், ஜன்னலுக்குக் கிடைக்கம்பி. “நாலு சக்கரத்தையும் சமதூரத்துல வெச்சா அழகாத்தான் இருக்கும். ஆனா அவர் பார்த்ததும் சிரிச்சிடுவாரு.”

ஸ்பாஞ்ச் முந்தைய இரவே 170 டிகிரியில் வெந்து ஆறியிருந்தது. சூடு தணியாத ஸ்பாஞ்சில் கத்தி வைத்தால் பொடிப்பொடியாக உதிரும். குளிர வைத்த துண்டுகளை அடுக்கி, நடுவே சாக்லேட் கிரீம் தடவி, மேல்புற மேட்டைச் சீவி, பெட்டியின் கூரை வளைவைக் கத்தியாலேயே செதுக்கினார். சீவியதெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவில் விழுந்தது. “சேதாரம்” என்றார் அக்கா. ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மாமியார், “அந்தச் சேதாரத்துல எனக்கும் கொஞ்சம் வை” என்று குரல் கொடுத்தார்.

செதுக்கிய கேக்குக்கு மேல் கனாஷ் பூச்சு. சாக்லேட்டும் கிரீமும் சம அளவில் சேர்த்தால் குளிர்ந்த ஊருக்குச் சரி. சென்னைக்கு ஒரு பங்கு கிரீமுக்கு இரண்டு பங்கு டார்க் சாக்லேட் போட்டால்தான் சுவர்போல நிற்கும். விப்பிங் கிரீம் பூசி அதன்மேல் ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவைப் போர்த்தினால் கிரீமின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொண்டு, ஓரம் கரைந்து சரியும். வெண்ணெயில் செய்த கிரீமும் ஆகாது. 32, 33 டிகிரியிலேயே வெண்ணெய் உருகத் தொடங்கும். நம் ஊரில் ஏசி இல்லாத ஹால் பல மாதங்களுக்கு அதைவிடச் சூடாகத்தான் இருக்கிறது.

பிறகு வந்தது எல்லோரும் மூச்சைப் பிடிக்கும் கட்டம். வெளிர்நீல ஃபாண்டன்ட்டைப் பிசைந்து, சோளமாவு தூவி, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, உருட்டுக் கட்டையில் சுருட்டி எடுத்து, கேக்கின் மேல் ஒரே வீச்சில் விரித்தார். மூலைகளில் துணி மடிப்பதுபோல மடிக்காமல், உள்ளங்கையால் மேலிருந்து கீழாக நீவி நீவி இறக்கினார். மூலையில்தான் கிழியும், கிழிந்தால் ஒட்டுப் போட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

கடல் காற்று இருக்கும் ஊரில் இந்தக் கைவேலைக்கு முதல் எதிரி ஈரப்பதம். ஃபாண்டன்ட் பெரும்பகுதி சர்க்கரை. காற்றில் இருக்கும் ஈரத்தை அது விடாமல் குடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் மேலெல்லாம் வியர்த்து, பளபளவென்று பிசுபிசுக்கும். அதனால் போர்த்தி முடித்த கேக் ஃபிரிட்ஜுக்குப் போவதில்லை. ஏசி அறையிலேயே இருக்கும். சக்கரங்களையும் ஜன்னல் கம்பிகளையும் அக்கா இரண்டு நாள் முன்பே செய்துவிட்டார். ஃபாண்டன்ட்டில் டைலோஸ் பவுடர் சேர்த்துப் பிசைந்தால் காய்ந்து இறுகும். ஆனால் மழை நாளில் மின்விசிறிக்கு அடியில் ஒரு பகல் முழுக்க வைத்தாலும் இறுகாது. சக்கரங்களைக் கேக்கில் பொருத்தப் பல்குச்சி குத்தவில்லை. வேகவைக்காத ஸ்பகெட்டியை ஒடித்துச் செருகினார். தின்னும்போது குச்சி ஒன்று குழந்தை வாயில் போய்விடக் கூடாது.

நீல நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜெல் நிறம் கலந்தவுடன் தெரியும் சாயல் நிலையானதில்லை; சில மணி நேரத்தில் அடர்ந்துவிடும். வேண்டிய நீலத்துக்கு ஒரு படி குறைவாகவே இரவில் கலந்து மூடி வைப்பார். 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி கலந்திருந்ததால் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டதே, அதற்குப் பிறகு தாய்மார்கள் நிறத்தைப் பற்றிக் கேட்காமல் ஆர்டர் தருவதில்லையாம். ரோடமைன்-பி துணிக்குப் போடும் சாயம். உணவில் அனுமதியே கிடையாது. உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு, அவற்றிலும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. அக்கா பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார். “கேக்குறது நல்லதுதான். சிவப்பு ரொம்பப் போட்டா கசக்கும்னு சொன்னா உடனே ரோஸ் போதும்பாங்க.”

பெட்டியோடு பன்னிரண்டு கப்கேக்கும் கேட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துத் தர வசதி. காகிதக் கப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் மாவு ஊற்ற வேண்டும். கூடினால் பொங்கி வெடித்து, மேலே அலங்காரம் உட்காராது. வெள்ளைக் கிரீமை நட்சத்திர நாசிலால் சுழற்றி, அதன்மேல் காய்ந்த ஃபாண்டன்ட் உருவங்கள்: ஸ்பேனர், சுத்தியல், போல்ட், டிஃபன் கேரியர், விசில். உருவங்களை வைப்பது வண்டி கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான். முன்கூட்டி வைத்தால் கிரீமில் ஊறி ஸ்பேனர் தலை குனிந்துவிடும்.

இனி அந்த நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கம். கணக்கெழுதிய பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் பொருள் செலவு, நேரம், வரவு என மூன்று பத்தி. ரயில் கேக் 2 கிலோ, கிலோ 1,600 வீதம் 3,200 ரூபாய். பொருள் 1,500. நேரம் 16 மணி. மிச்சத்தை வகுத்தால் மணிக்கு நூற்றுச் சொச்சம். இதில் மின்சாரம் சேரவில்லை. ஓடிஜியும் ஏசியும் சேர்ந்து இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டணப் பட்டியலே மாறிவிடும். கப்கேக் பக்கம் வேறு கதை சொன்னது. ஒன்று 90 வீதம் பன்னிரண்டுக்கு 1,080, பொருள் 350, நேரம் 4 மணி. மணிக்கு 180க்கு மேல். அதே கை, அதே ஃபாண்டன்ட், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு கூலி.

காரணம் விற்கும் முறை. கப்கேக்கை எண்ணி விற்கிறார்கள். ஸ்பேனர் வைத்ததற்கு ஒரு விலை, வைக்காததற்கு ஒரு விலை என்றால் யாரும் வாதாடுவதில்லை. கேக்கைத் தராசில் வைத்து விற்கிறார்கள். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் நூலாக உருட்டிய நேரம் தராசில் ஏறாது. மொத்தக் கம்பியும் சேர்ந்து ஐம்பது கிராம்கூட வராது. “பேக்கரியில கிலோ 700தானே அக்கா” என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்ததில்லை. தங்க நகைக்குச் செய்கூலி, சேதாரம் என்று தனி வரி போட்டுக் கொடுத்தால் நாம் பேரம் பேசுவோம், குறைக்கச் சொல்வோம். ஆனால் அப்படி ஒன்று எதற்கு என்று கேட்க மாட்டோம். கேக்கில் சேதாரம் மாமியாரின் டப்பாவுக்குப் போகிறது, செய்கூலி எங்கேயும் எழுதப்படுவதில்லை. வீட்டுப் பெண் அடுப்படியில் செய்வது என்றாலே நேரத்துக்கு விலை போடும் பழக்கம் நமக்குக் கிடையாது என்பதும் இதில் கலந்திருக்கிறது.

இதற்கு விடை கண்டுபிடித்த இன்னொருவரைக் கொளத்தூரில் பார்த்தேன். அவரும் வீட்டில் செய்பவர்தான். ஃபாண்டன்ட்டை விட்டே வருடங்கள் ஆகின்றன. கிரீம் கேக்கின் மேல் அச்சடித்துக் கத்தரித்த காகித உருவங்களைச் செருகுகிறார். முக்கால் மணி நேரத்தில் காட்டு விலங்குகள் எல்லாம் வந்துவிடும். “ஃபோட்டோவுல நல்லாத்தானே இருக்கு? பிள்ளைங்களும் ஃபாண்டன்ட்டைத் துப்பிடுதுங்க” என்றார். இரண்டும் உண்மை. கிலோ விலை மாறாதபோது நேரத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். கைவேலை ஒன்று இப்படித்தான் ஒரு தெருவிலிருந்து மெல்ல வெளியேறுகிறது. யாரும் அதைத் துரத்த வேண்டியதில்லை.

மாலையில் ரயில் பெட்டி காரின் பின்புறம், வழுக்காத விரிப்பின் மேல் ஏறியது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையில் அக்காவின் கணவர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். மேடு வரும்போதெல்லாம் அக்கா பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

வீட்டில் மாலையும் சால்வையுமாக நின்ற அந்த ஃபிட்டர் கேக்கைப் பார்த்ததும் குனிந்தார். சக்கரங்களைப் பார்த்தார். ஜன்னல்களை விரலால் எண்ணினார். “போகி சரியா உட்கார்ந்திருக்கு” என்று பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொன்னார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, “எத்தனை மணி நேரம்மா ஆச்சு?” என்றார்.

“கேக்குக்கு மட்டும் பதினாறு சார்.”

“ஒரே ஆளா?”

“ஒரே ஆள்தான்.”

அவர் தலையசைத்தார். “எங்க ஷாப்புல எந்த வேலைக்கும் இத்தனை மணின்னு முதல்ல எழுதிட்டுத்தான் பொருளை எடுப்போம்.” அவர் பாராட்டாகச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா தெரியவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை கிலோ என்று கேட்காமல் எத்தனை மணி நேரம் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று திரும்பும் வழியில் அக்கா சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து அவருடைய விலைப்பட்டியலில் இரண்டு வரி: கேக், கிலோவுக்கு இவ்வளவு; வேலை, மணிக்கு இவ்வளவு. அதைப் பார்த்துச் சிலர் பதில் போடாமல் போய்விட்டார்கள். சிலர் மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். “பேசட்டும் தம்பி” என்கிறார் அக்கா. “இவ்வளவு நாள் அந்த வரியே கிடையாது. இப்போ அதுல பேரம் பேசுறாங்கன்னா, அது இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?”