நாளைத் தள்ளி வைத்தோம்

எனது மூத்த மகளின் கலியாணத்திற்கு 2022 தை மாதத்தில் நாள் வைத்திருந்தோம். வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, உள்ளதைக் கொண்டு சிறப்பாகச் செய்வது என்பது எண்ணம். மாப்பிள்ளையின் தமையன் மூன்று கிழமை லீவில் லண்டனில் இருந்து வந்து நின்றார். இருநூறு பேருக்குச் சொல்லியாகி விட்டது. கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் பெரியம்மாவுக்குத் தடிமன் பிடித்தது.

பெரியம்மா என்றால் என் தாயின் தமக்கை. எழுபத்தொரு வயது. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கித் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த இடப்பெயர்வுக்குப் பிறகு அவரது கணவர் எறிகணை பட்டு இறந்தார். எனது கணவரை 2009 இல் வன்னியில் தவற விட்டேன். இன்று வரை அவர் எங்கே என்று தெரியாது. இரண்டு பிள்ளைகளுடன் செட்டிகுளம் முகாமில் இருந்தேன். முகாமில் கொப்பளிப்பான் பரவியபோது மூத்தவளுக்கு உடம்பெல்லாம் போட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தறப்பாளுக்குள் கிடத்தி வைத்துக்கொண்டு அழுததை மறக்க முடியாது. 2010 இல் முகாமால் வெளியே வந்தபோது, "என்ரை வீடு இருக்குது, வா பிள்ளை" என்று கூட்டி வந்தவர் பெரியம்மா. என் பிள்ளைகள் அவரை அம்மம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவர் நல்ல காரியம் நடக்கும் வீடுகளில் முன்னுக்கு வருவதில்லை. பின் விறாந்தையில் இருந்து தேங்காய் துருவுவார், வெங்காயம் உரிப்பார். தாலி கட்டும் நேரம் அடுப்படியில் நிற்பார். யாரும் அவரை ஒதுங்கச் சொல்வதில்லை. சொல்லாமலே ஒதுங்கப் பழகி விட்டார். மூத்தவள் இந்தத் தடவை பிடிவாதமாக நின்றாள். "எனக்கு முதல் பாலறுகு வைக்கிறது அம்மம்மாதான். இல்லாட்டிக் கலியாணம் வேண்டாம்" என்றாள். பெரியம்மா அரை மனதுடன் தலையாட்டினார்.

பலகாரம் சுட எட்டுப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். அரியதரம், சிப்பி, பயித்தம் பணியாரம் என்று இரண்டு நாள் ஒரே சிரிப்பும் கதையும். மூன்றாம் நாள் அதில் ஒருவருக்குக் காய்ச்சல். அடுத்த நாள் பெரியம்மாவுக்குத் தொண்டை நோ. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பின்னேரம் காய்ச்சலும் வந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அன்டிஜன் பரிசோதனையில் கொரோனா என்றார்கள்.

எனக்கு நம்ப முடியவில்லை. 2021 மே 30 ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டத்தில் சினோபார்ம் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபோது, பயந்து நின்ற அயலவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றவர் பெரியம்மா. போர் நடந்த காலத்திலும் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் வெடிச்சத்தம் ஓய்ந்திருந்ததை அவர் அடிக்கடி சொல்லுவார். "சண்டை பிடிச்சவையே மருந்துக்கு வழி விட்டவை, நீங்கள் என்னத்துக்குப் பயப்படுறியள்?" என்று கேட்பார். இரண்டு ஊசியும் போட்டு, மூன்றாவதாகப் பைசரும் போட்டிருந்தார். அவருக்கா வந்தது?

வேலிக்கு அங்கால் நின்றவர்கள், "மூண்டு ஊசி போட்டும் வந்திட்டுது, பிறகேன் ஊசி?" என்றார்கள். உண்மையில் அதே கேள்வி என் மனதிலும் இருந்தது.

இன்னொரு கேள்வியும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உறவுக்காரர் ஒருவர் இரகசியமாகச் சொன்னார்: "ஒருத்தருக்கும் சொல்லாதை. மனுசியை அறைக்குள்ளை விட்டிட்டுக் கலியாணத்தை முடி. வெறும் தடிமன் எண்டு சொல்லு." அன்றிரவு முழுவதும் அதை யோசித்தேன். பந்தலுக்கும் சமையலுக்கும் கொடுத்த முற்பணம், லண்டனில் இருந்து வந்து நிற்கும் பிள்ளை, மீண்டும் நல்ல நாள் கிடைக்குமோ என்ற பயம். பெரியம்மாவும் கதவுக்குப் பின்னால் இருந்து அதையே சொன்னார். "கடவுளாப் பாத்து என்னை மறைச்சு வைச்சிருக்கிறார் பிள்ளை. நீ நடத்து. நான் உள்ளுக்கை இருந்து கும்பிடுறன்."

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. இவ்வளவு காலமும் மறைந்து நின்றவரை வருத்தத்தின் பெயரால் நானும் மறைக்கப் போகிறேனா? வரப்போகும் இருநூறு பேரிலும் எத்தனை பேர் நீரிழிவுக்காரர், எத்தனை பேர் முதியவர்? எங்கள் வீட்டில் நானும் மூத்தவளும் பெரியம்மாவுடன் ஒன்றாக இருந்து சாப்பிட்டவர்கள். எங்களுக்குள்ளும் அந்தக் கிருமி இருக்கக் கூடும்.

காலையில் மாப்பிள்ளையின் தாயாருக்குப் போன் எடுத்தேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "2021 ஆவணியிலை என்ரை அக்கா போனவ. ஊசி போடப் பயந்து நிண்டவ. முகத்தைக்கூடக் காட்டேல்லை, பெட்டியை மூடித்தான் கொண்டு போனவை. நாள் போனால் இன்னொரு நாள் வரும் சம்மந்தியம்மா. நீங்கள் ஆளைப் பாருங்கோ" என்றார். நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

பலகாரம் சுட்ட எட்டு வீட்டுக்கும் நானே அறிவித்தேன். சொல்லி அழைத்த எல்லோருக்கும் அறிவித்தோம். சிலர் முகம் சுளித்தார்கள். "கிழவிக்குத் தடிமன் எண்டு கலியாணத்தை நிப்பாட்டினவை" என்ற கதையும் காதில் விழுந்தது.

குடும்பநல உத்தியோகத்தர் முகக்கவசத்துடன் படலையில் நின்று, எங்களுக்கு விளங்கும்படி ஒரு விளக்கம் தந்தார். தடுப்பூசி கிருமி வராமல் அடைக்கும் மதில் அல்ல. கிருமி எப்படி இருக்கும் என்று உடம்புக்கு முன்கூட்டியே பழக்குகிறது. மாதங்கள் போக அதன் பாதுகாப்புக் குறையும். கிருமியும் தன் உருவை மாற்றும். அப்போது பரவிக்கொண்டிருந்த ஒமிக்ரோன் அப்படி மாறி வந்ததுதான். அதனால் ஊசி போட்டவருக்கும் தொற்றலாம், அவரால் மற்றவருக்கும் தொற்றலாம். ஆனால் நுரையீரல் வரை இறங்கி உயிரைக் குடிப்பதைத் தடுப்பூசி பெரும்பாலும் தடுக்கும். "ஊசி போட்டபடியால்தான் அம்மா கட்டிலிலை எழும்பி இருந்து கதைக்கிறா" என்றார்.

விரலில் பூட்டும் ஒக்சிசன் மானியை ஒரு ஆசிரியையிடம் இரவல் வாங்கினேன். காலையும் மாலையும் பார்ப்பேன். 94 இற்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ, நிதானமில்லாமல் கதைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும்படி சொல்லியிருந்தார்கள். ஒரு நாளும் 95 இற்குக் கீழே இறங்கவில்லை. யன்னல்களைத் திறந்து வைத்தோம். கஞ்சியை வாசலில் வைப்பேன். மூத்தவள் முற்றத்தில் கதிரை போட்டு யன்னலுக்கு வெளியே இருந்து அவருக்குக் கதை சொல்லுவாள். எனக்கும் இரண்டு நாள் உடம்பு உளைவும் காய்ச்சலும் இருந்தன. பத்து நாளில் பெரியம்மா கிணற்றடிக்கு நடந்து வந்தார்.

மாசிக் கடைசியில், மார்ச் மாதத்தில் அடுத்த நாள் கிடைத்தது. இழப்பு இல்லாமல் இல்லை. மாப்பிள்ளையின் தமையன் லீவு முடிந்து போய்விட்டார், தம்பியின் கலியாணத்தைப் போனில்தான் பார்த்தார். முற்பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரவில்லை. ரூபாயின் பெறுமதி விழுந்து சாமான் விலை ஏறியது. ஏழரை மணி நேரம் மின்சாரம் இல்லாத நாட்கள் அவை. எரிவாயு கிடைக்காமல் விறகில் சமைத்தோம். இருநூறு பேருக்குப் பதில் எண்பது பேரை அழைத்தோம்.

அன்று காலை பெரியம்மா வெளிர் நிறச் சேலை உடுத்து, வழக்கம் போலப் பின் விறாந்தைப் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளையின் தாயார் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பெரியம்மாவின் விரல்கள் நடுங்கின. பாலும் அறுகும் எடுத்து மூத்தவளின் தலையில் முதலில் வைத்தவர் அவர்தான். ஒரு குறையும் வரவில்லை. இன்று அவருக்குப் பூட்டப்பிள்ளையும் இருக்கிறான்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் திகதி கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. கிருமி முடிந்து விடவில்லை. இப்போதும் தடிமன் காய்ச்சலோடு கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போகிறோம். அன்புச் சகோதரிகளே, வருத்தம் வந்தால் மறைக்காதீர்கள். போகாமல் நிற்பது மரியாதைக் குறைவு அல்ல. வயது போனவர்களுக்கு வைத்தியர் சொல்லும் ஊசிகளைத் தவற விடாதீர்கள்.

நாங்கள் ஆட்களை இழந்தவர்கள். ஒரு முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காமல் போவது என்னவென்று எங்களுக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் ஒரு முகத்துக்காக ஒரு நாளைத் தள்ளி வைப்பது பெரிய நட்டம் இல்லை.