ஆறிப்போன இட்லி

சனிக்கிழமை காலேஜ் பசங்க மூணு பேர் மூட்டை முடிச்சோட வந்து இறங்கிட்டாங்க மக்களே. வீட்டுல இருக்கறதோ ரெண்டே ரெண்டு தலகாணி. சாயங்காலம் பெசன்ட் நகர் பீச், மிளகாய் பஜ்ஜி. அப்புறம் விடிய விடிய பேச்சுதான். நூறு தடவை சொன்ன அரியர் கதைக்கு முதல் தடவை கேக்கற மாதிரியே சிரிச்சோம் :)

ஞாயித்துக்கிழமை அவங்களைத் தாம்பரத்துல ரயிலேத்தி விட்டுட்டு, செங்கல்பட்டு வழியா காஞ்சிபுரம். பாட்டி வீடு. காலைல பத்து மணிக்கு வர்றேன்னு சொன்னவன், போய்ச் சேரும்போது மணி மூணு.

வரதராஜப் பெருமாள் கோயில்ல பண்றாப்ல மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டு, மந்தாரை இலையில வேக வச்ச இட்லி. ஆறிப்போயிருந்தது. "நீ வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்னு இருந்தேண்டா"ன்னாங்க. பாட்டிக்கு வயசு 81.

சாப்பிட்ட கையோட தூங்கிட்டேன். முழிச்சா மணி ஆறு. கரண்ட் இல்லை. பக்கத்துல உக்காந்து விசிறிட்டு இருக்காங்க.

"எழுப்பியிருக்கலாம்ல பாட்டி? எதுவுமே பேசலையே."

"நீ தூங்கறதைப் பார்த்தும் ரொம்ப நாளாச்சுடா."

அடுத்த தடவை பசங்க வந்தா, எல்லாரையும் சனிக்கிழமையே காஞ்சிபுரம் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். அரியர் கதையைப் பாட்டியும் கேக்கட்டுமே.