பீப்பாயும் பன்னீர்த் திராட்சையும்

'பீப்பாய்' என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியின் 'பிப்பா'விலிருந்து தமிழுக்கு வந்தது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். சாவி, சன்னல், அலமாரி, மேசை என நீளும் பட்டியலில் அதுவும் ஒன்று. மாணவர் எழுதிக்கொள்வர், தேர்வில் இரண்டு மதிப்பெண் கிட்டும். அந்தப் பீப்பாய்க்குள் என்ன இருந்தது என்பதை நினைக்க வைத்தவர், லிஸ்பனில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர். விடுமுறைக்கு ஊர் திரும்புமுன் தொலைபேசியில் அழைத்தார். "தப்பா நினைக்காதீங்க ஐயா. இந்த ஊர் ஒயின் ஒரு பாட்டில் கொண்டாரேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க. தேறலைப் பாடம் நடத்தினவர் நீங்கதானே!"

நடத்தியது உண்மைதான். யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ வேண்டும் என்று நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாடல். தெளிந்தது என்பதால் தேறல். ஆனால் சொல்லாராய்ச்சி வேறு, புட்டியைத் தேர்ந்தெடுப்பது வேறு. லோயர் கேம்ப்பில் அமர்ந்தபடி போர்த்துக்கல் நாட்டு மதுவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம்.

அச்சிறு நாட்டில் 250க்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை வகைகள் உள்ளன. உலகறிந்தது 'போர்ட்'. தோரு ஆற்றின் கரையில், படிக்கட்டுகளாக வெட்டிய மலைச்சரிவில் விளையும் பழத்தின் சாறு, பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்துவிடுவர். நொதித்தல் நின்றுபோகும், எஞ்சிய சர்க்கரை இனிப்பாகத் தங்கும், மதுவின் வீரியம் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். தோருவில் அதை அளக்கும் 'பிப்பா' 550 லிட்டர் கொள்வது. நம் பீப்பாயின் மூத்த உறவு அது. 'வின்யோ வெர்தே' என்பதற்குப் 'பச்சை ஒயின்' என்று பொருள். நிறத்தால் அன்று, இளமையால் அப்பெயர். வடமேற்கின் மழை மிகுந்த பகுதியில் விளையும் அதனைப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் அருந்திவிட வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் கலை பெரிதும் படிக்கும் கலையே. 'கின்ட்டா' என்றால் தோட்டம், 'கொல்யெய்ட்டா' என்றால் அறுவடை, அதன் அருகே ஆண்டு இருக்கும், 'சேக்கு' இனிப்பற்றது, 'தோஸ்' இனிப்புடையது. 'டி.ஓ.சி.' என்னும் மூன்றெழுத்து, இன்ன நிலத்தில் இன்ன முறைப்படி விளைந்தது என்பதற்குச் சட்டம் தரும் உறுதி. விலைச்சீட்டைப் பார்க்குமுன் இவற்றைப் பார்த்தால் பாதி ஐயம் தீரும். இனிப்புப் பண்டத்தோடு அருந்தவா, மீன் குழம்போடு அருந்தவா என்று கேட்டுக்கொண்டால் மறுபாதியும் தீரும்.

படித்துக்கொண்டே போகையில் ஒரு பெயர் நம்மை நிறுத்தியது. லிஸ்பனுக்குத் தெற்கே செத்தூபல் பகுதியில் 'மொஷ்கட்டேல்' என்னும் இனிப்பு மது செய்கிறார்கள். அதற்குரிய திராட்சை 'அலெக்சாந்திரியாவின் மஸ்கட்'. கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களில் தொங்கும் பன்னீர்த் திராட்சையோ 'மஸ்கட் ஹாம்பர்க்'. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய கலப்பினம். அதன் பெற்றோருள் ஒன்று அதே அலெக்சாந்திரியாவின் மஸ்கட்! காமயகவுண்டன்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் பன்னீர் மணக்கும் கருங்குலைக்குச் செத்தூபலில் ஓர் உறவு இருக்கிறது. எதை வாங்குவது என்னும் கேள்வி அத்துடன் முடிந்தது.

புட்டி வந்தது. தேன்நிறம், ஆரஞ்சுத் தோலின் வாசம், அடியில் ஒரு மலர்மணம். பக்கத்துத் தோட்டக்காரர் பன்னீர்க் குலை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் மதுவைத் தொடுபவரல்லர். குடியால் அழிந்த வீடுகளை நம் தெருவில் அவரும் அறிவார், நாமும் அறிவோம். முகர்ந்து மட்டும் பார்த்தார். "நம்ம பழ வாசந்தான் சார்" என்றார். பிறகு புட்டியைத் திருப்பி, ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஊர்ப்பெயர் என்றோம். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பார்த்ததன் பொருள் நமக்குப் புரியாமலில்லை. போர்ட் மதுவில் கலப்படம் மிகுந்து பெயர் கெட்டபோது, 1756இல் பொம்பால் என்னும் அமைச்சர் தோருப் பகுதிக்கு எல்லை வகுத்தார்; அடுத்த சில ஆண்டுகளில் கருங்கற்களை நட்டு அவ்வெல்லையைக் குறித்தனர். அதற்குள் விளைந்ததற்கே அப்பெயர். இங்கும் பந்தல்தோறும் கல்தூண்கள் நிற்கின்றன. அவை தாங்குவது கம்பியையும் கொடியையும்தான். கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல். முல்லைப் பெரியாற்று நீர் 1895இல் மலையைக் குடைந்து இப்பக்கம் இறங்கி, பள்ளத்தாக்கைப் பசுமையாக்கி நூறாண்டுக்கு மேலான பிறகு!

குறியீடு கிடைத்ததால் மட்டும் தோட்டக்காரர் நிலை மாறிவிடவில்லை. கவாத்துச் செய்த நான்கு மாதத்தில் பழம் கனிந்துவிடும், தோல் மெல்லியது, அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் வெடித்துவிடும். காத்திருக்க முடியாத பழத்துக்கு வியாபாரி சொன்னதே விலை. செத்தூபல் உழவரின் பழமோ புட்டிக்குள் பல்லாண்டு காத்திருக்கிறது. காத்திருக்கக் காத்திருக்க விலையும் ஏறுகிறது. எல்லாரும் மது வடிக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. சாறாகவோ உலர்பழமாகவோ, எவ்வடிவிலேனும் இந்தப் பழம் நாலு நாளைக்கு மேல் வாழவேண்டும். எங்கே போனாலும் ஊர்ப்பெயரோடு போகவேண்டும்.

மறுவாரம் அவர் தோட்டத்தில் வெட்டு. பெட்டிகள் வண்டியேறியபோது நாமும் நின்றிருந்தோம். கேரளத்துச் சந்தைக்குச் செல்லும் சரக்கு. அத்தனை பெட்டிகளிலும் வியாபாரியின் பெயர் அச்சிட்டிருந்தது. ஊர்ப்பெயர் ஒன்றிலும் இல்லை.